துரையும் வெட்டுக்காரனும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஒன்றுகூட யார் வாசலிலும் போய்க் கையேந்தி நின்றதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதி, எழுந்து போய்க் கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு அடுத்த வரிக்கு வருகிறேன். எனக்கு என்ன அவசரம்.

டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி இந்தக் கிழவி எழுதுகிறாளா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்தத் தாமானில், எங்கள் குடியிருப்பில், என் அளவுக்கு அந்த ஆட்டத்தைப் பார்த்தவள் இன்னொருத்திதான் இருந்தாள். அவளும் போன வருஷம் போய்விட்டாள். அவளைப் பற்றி எழுதவேண்டும் என்றால் டென்னிஸைப் பற்றித்தான் எழுதவேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருந்தது புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நான் கல்யாணமாகி வந்த வருஷமே அவளும் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தாள். இரண்டு பேருக்கும் பால் வெட்டு வேலை. என் மர நிரை முடிகிற இடத்தில் அவள் நிரை ஆரம்பிக்கும். நான் நிதானமாக வெட்டுவேன். பட்டையில் காயம் படாது, மரம் அலுங்காது. அவள் ஓடி ஓடி வெட்டுவாள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் அவள் நடந்து நான் பார்த்ததில்லை. பால் வடிகிற மங்கின் அடியில் ஒட்டியிருக்கிற பாலைக்கூட விரலால் வழித்து வாளியில் விடுவாள். கொட்டகையில் கணக்கு எழுதுகிற கிராணி நிறுக்கும்போது ஒரு நாள் அவள் பால் கூட இருக்கும், ஒரு நாள் என்னுடையது. அன்றைக்குத் தோற்றவள் லயம் போய்ச் சேரும்வரை பேசமாட்டாள்.

துரை பங்களாவுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் திடல் இருந்தது. சனிக்கிழமைகளில் எங்கள் துரையும் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் அங்கே ஆடுவார்கள். திடலைச் சுற்றிப் புல் செதுக்க, வேலை வாங்குகிற மண்டோர் எங்கள் இரண்டு பேரையும் அனுப்புவார். குனிந்து செதுக்கிக்கொண்டே ஆட்டத்தைப் படித்துக்கொண்டோம். பதினைந்து, முப்பது என்று எண்ணுகிறவர்கள் அடுத்து நாற்பத்தைந்து என்று சொல்லாமல் நாற்பது என்கிறார்களே, ஏன் என்று அவளிடம் கேட்டேன். அவள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"மிச்சம் அஞ்சை கிராணி நிறுவையில கழிச்சுட்டான் புள்ள. நம்ம பாலுக்குக் கழிக்கிறானே, அது மாதிரி."

இன்றைக்கும் நாற்பது என்று கேட்டால் எனக்கு அவள் குரல்தான் வருகிறது.

அவள் புருஷன் காய்ச்சலில் இறந்தபோது அவளுக்குக் கைப்பிள்ளை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். உடம்பில் தெம்பில்லை, ஓட்டமில்லை. வாளியில் பாதிகூட இல்லை. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் என் பாலில் கொஞ்சத்தை அவள் வாளியில் ஊற்றினேன். திரும்பி வந்து வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கொட்டகை வாசலில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, நான் ஊற்றிய அளவைக் கண்ணாலேயே மட்டுக்கட்டி மண்ணில் சாய்த்தாள்.

"ஒன் பாலு ஒன்னோட இருக்கட்டும். நான் தோத்தா தோத்ததாவே இருக்கட்டும்."

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. அவள் செய்ததும் தப்பில்லை. அதற்குப் பிறகு நான் அவளுக்கு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. அவளும் அப்படித்தான். என் பெரிய மகன் அவள் மகளைக் கட்டிக்கொண்டு நாங்கள் சம்பந்திகள் ஆனபோதும், பந்தியில் யார் வீட்டுக் குழம்பு ருசி என்று சண்டை போட்டோம்.

தோட்டத்து மன்றத்துக்குத் தொலைக்காட்சி வந்த காலத்தில் ஒரு ஜோடியைப் பார்த்தோம். ஒருவன் கல் மாதிரி இருப்பான். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே முகம். இன்னொருவன் மட்டையைத் தூக்கி எறிவான், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நடுவரை வாய்க்கு வந்தபடி பேசுவான். ஆனால் அந்தக் கல்லோடு ஆடும்போது மட்டும் அவன் வாய் அடங்கிப்போகும். அதைக் கவனித்துச் சொன்னது அவள்தான். எதிரே நிற்கிறவன்மேல் மரியாதை இருந்தால் கோபம் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அந்தக் கல் வயசு இருக்கும்போதே ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். சண்டைக்காரன் அவனைத் திரும்பி வா, திரும்பி வா என்று கெஞ்சினானாம். பேப்பர் படிக்கிற சின்னக் கிராணி சொன்னார். அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. எதிரி தொலைந்தான் என்று நிம்மதியாக இருக்காமல் கூப்பிடுவானா ஒருவன் என்று பேசிக்கொண்டோம்.

அப்புறம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பின்கோட்டிலேயே நின்று எல்லாப் பந்தையும் திருப்பி அனுப்புவாள், பொறுமைசாலி. மற்றவள் வலைக்கு ஓடிவந்து அடிப்பாள். அவர்கள் இரண்டு பேரும் ஆட்டம் முடிந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. போட்டி என்றால் போட்டியாக இருக்கவேண்டாமா என்றேன். அவள் மட்டும் அவர்கள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தை விற்றார்கள். மரத்தை எல்லாம் தள்ளிவிட்டார்கள். நாங்கள் சுங்கைப் பட்டாணிக்கு வந்தோம். ஒரே தாமான். என் வீட்டுப் பின்கதவும் அவள் வீட்டுப் பின்கதவும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே வந்த பிறகுதான் எங்களுக்கென்று இரண்டு ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள்.

என் ஆள் அலட்டிக்கொள்ள மாட்டான். பந்து இருக்கிற இடத்துக்கு அவன் ஓடுவதே தெரியாது, முன்னமே அங்கே நின்றிருப்பான். சட்டை கசங்காது. அவள் அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தாள். அவள் ஆள் எதையும் விடமாட்டான். போய்விட்டது என்று எல்லாரும் நினைக்கிற பந்தையும் ஓடிப்போய் எடுப்பான். நான் அவனுக்கு வெட்டுக்காரன் என்று பெயர் வைத்தேன். கிண்டலுக்குத்தான் வைத்தேன். அவள் அதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டாள்.

"ஒன் துரைக்கு வேர்க்கவே மாட்டேங்குது சம்பந்தி. வேர்க்காத ஆம்பளைய நம்பாத."

இதை வருஷக்கணக்காகச் சொன்னாள். காலமெல்லாம் துரைமாருக்குக் கும்பிடு போட்டது போதாதா, இப்போதும் அவனுக்குத்தான் கை தட்டுவாயா என்பாள். அவன் ஆட்டத்தில் ஒரு அழகு இருக்கிறது, அது ஓடி ஓடி வெட்டுகிறவளுக்குத் தெரியாது என்பேன். எங்கள் பேத்தி, இரண்டு பேருக்கும் அவள் பேத்தி, நடுவில் உட்கார்ந்து சிரிப்பாள்.

துரையின் அமைதி எனக்குப் பிடித்திருந்தது உண்மை. ஆனால் அவன் வேறு யாரோடாவது ஆடும்போது அந்த அமைதியில் ஒன்றுமில்லை, தூக்கம் வரும். வெட்டுக்காரன் எதிரே வந்து நின்றால்தான் அது அமைதி என்றே தெரியும். வெட்டுக்காரனும் அப்படித்தான். மற்றவர்களோடு ஆடும்போது சும்மா ஓடுகிறவன், துரையோடு ஆடும்போது உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுவான்.

பெரிய ஆட்டம் வந்தால் அவள் கோயிலுக்குப் போய் வெட்டுக்காரன் பெயரில் அர்ச்சனை செய்வாள். பெயர் சொல்லலாம், நட்சத்திரத்துக்கு எங்கே போவது? அதனால் தன் நட்சத்திரத்தைக் கொடுத்துவிடுவாள். கேட்டை. இந்த விஷயம் எனக்குத் தெரிந்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் செய்யேன், யார் வேண்டாம் என்றது என்றாள். என் ஆளுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போவாள். கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துவிட்டது. கோத்தா கோலா மூடாவிலிருந்து வருகிற மீனுக்காக உயிரை விடுகிறவள், மீனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வருஷம் தை மாதம் டாக்டர் அவள் மகளிடம், என் மருமகளிடம், இனிமேல் அவங்க ஆசைப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் ஆசை ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் நடக்கிற ஆட்டத்தில் துரையும் வெட்டுக்காரனும் இறுதிக்கு வந்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு, அர்ச்சனையை நீ போய்ச் செய்துவிட்டு வா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஆளுக்கு எதிராக நான் போய்த் தட்டு நீட்டுவதா? ஆனால் நடக்க முடியாதவள் கேட்கிறாள். சரி, அப்படியே உன் பெயருக்கும் ஒன்று செய்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"எனக்கு வேணாம். எனக்குன்னு இனிமே என்னத்தைக் கேப்ப. அவனுக்கு இன்னும் ஆட்டம் இருக்கு."

கோயிலில் தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயர் சின்ன வயசுக்காரர், கடல் கடந்து ஊரிலிருந்து வந்தவர். பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா இது, ஒங்க பேரனா?"

"இல்ல சாமி. சம்பந்தி வீட்டுப் பையன்."

நட்சத்திரம் கேட்டார். கேட்டை என்றேன். அப்போது எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. பெயரை மாற்றி அவள் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லவில்லை. வாளியில் பால் ஊற்றிய ஞாபகம் வந்தது. ஐயர் மந்திரத்துக்கு நடுவில் அந்த வெள்ளைக்காரப் பெயரை வைத்துக் கஷ்டப்பட்டு ஓதி முடித்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது.

ஆட்டம் சாயங்காலத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அவளைக் கூடத்தில் கட்டிலோடு சாய்த்து உட்கார வைத்தோம். முதல் இரண்டு செட்டும் துரைக்கு. நான் கை தட்டினேன். அவள் கண்ணாலேயே என்னைத் திட்டினாள். மூன்றாவது செட்டை வெட்டுக்காரன் பிடித்தான். நாலாவது நடக்கும்போது அவளுக்கு முடியவில்லை, கண் மூடிக்கொண்டாள். மூச்சு இருக்கிறதா என்று மருமகள் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். இருந்தது.

மீதியை நான் தனியாகப் பார்த்தேன். யார் ஜெயிக்கவேண்டும் என்று நினைத்தாய் என்று கேட்டால், துரைதான். பொய் சொல்ல மாட்டேன். அவள் படுத்துக் கிடக்கிறாள் என்று மனசை மாற்றிக்கொண்டிருந்தால், அதுவும் அவள் வாளியில் பால் ஊற்றுகிற வேலைதான். ஐந்தாவது செட்டில் துரையின் கால் தளர்ந்தது. வெட்டுக்காரன் கடைசிப் பந்து வரைக்கும் ஓடினான். ஜெயித்தான்.

விளக்கு வைத்த பிறகு அவள் கண் திறந்தாள். யார் ஜெயித்தது என்று கேட்டாள். உன் வெட்டுக்காரன்தான் என்றேன். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"நான் போகப்போறேன்னு விட்டுக்குடுக்கிறியா?"

வயசான காலத்தில் யாரும் என்னை அப்படிச் சுட்டதில்லை. அவள் தலையைத் திருப்பித் தொலைக்காட்சியைக் காட்டினேன். கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுக்காரன் கோப்பையோடு நின்றான். துரை பேச வந்தான். இரண்டு வார்த்தை பேசினான், அதற்குமேல் முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். வெட்டுக்காரன் பக்கத்தில் போய் அவன் தோளில் கை வைத்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

அவள் உதடு லேசாகக் கோணியது. அவள் சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

"இப்பதான் சம்பந்தி ஒன் துரைக்கு வேர்க்குது."

அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பந்தல் வேலை முடிந்து, தேர் புறப்படுவதற்குள் போய்விட்டாள். துக்க வீடு என்பதால் நாங்கள் யாரும் தைப்பூசத்துக்குப் போகவில்லை. மேளச் சத்தம் மட்டும் வீடுவரைக்கும் வந்தது.

அந்த அர்ச்சனையைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பெயர் அவனுடையது, நட்சத்திரம் அவளுடையது. பலன் அவனுக்குப் போயிற்று. அவள் கேட்டபடிதான் செய்தேன். ஆனாலும் தேங்காய் உடைந்த அந்த நேரத்தைச் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷமும் தை வந்தது, ஆட்டமும் வந்தது. வெட்டுக்காரன் வரவில்லை, முழங்கால் போய்விட்டதாம். துரை வந்தான். எவனோ ஒரு சின்னப் பையனிடம் மூன்றே செட்டில் தோற்றான். அவன் தோற்றது எனக்கு வலிக்கவில்லை. கை தட்டினாலும் திட்டுவதற்கு ஆளில்லை, தோற்றாலும் சிரிப்பதற்கு ஆளில்லை. பெட்டியை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். எதிர்க்கதவு பூட்டியிருந்தது. அந்தச் சண்டைக்காரன் ஏன் திரும்பி வா என்று கெஞ்சினான் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு மன்றத்தில் உட்கார்ந்து சிரித்தோமே.

இவ்வளவுதான் எழுத முடிந்தது. பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். கண்ணு, இதை முதலிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீ அவளுக்கும் பேத்தி, அதனால் உனக்குத் தெரியும். எந்த இடத்திலாவது நான் அவளுக்கு விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தால் அங்கே நிறுத்திச் சொல். அந்த வரியை அடித்துவிடுகிறேன். அவளுக்குப் பிடிக்காது. ம், படி.