எரியாத தொடையும் அம்மாவின் மூச்சும்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் பின்னேரங்களில் பெண்களுக்கு உடற்பயிற்சி நடக்கிறது. இரத்தத்தில் சீனி கூடுகிறது என்று டொக்டர் சொன்னதிலிருந்து அம்மா போகிறார். நான் மூலைக் கதிரையில் இருந்து படிப்பேன்.

இன்று பாதியில் அம்மா செருப்பைத் தேடினார்.

"நாளைக்கு நான் வரேல்லை. முந்தி தொடை எரிஞ்சுது, கொழுப்புக் கரைஞ்சுது. இப்ப எரியிறதே இல்லை."

"எரிஞ்சது தசை அம்மா. கடுமையா வேலை செய்யேக்கை அதிலை அமிலம் சேரும். இப்ப உங்கடை கால் பழகிட்டுது. கொழுப்பு உடம்பு முழுக்க இருந்து கரையும். கூடுதலா காபனீரொட்சைட்டு வாயுவா மூச்சோடைதான் வெளியிலை போகும்."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "அப்ப வீட்டிலை இருந்து மூச்சு விட்டால் காணுமே, பிள்ளை?"

"காணாது மாமி. உடம்பை அசைச்சால்தான் கொழுப்புக் கூடுதலாச் செலவாகும். பிறகு பொரிச்ச றோல் சாப்பிட்டால் திரும்பி வந்திடும்."

மாமி கையிலிருந்த றோலைப் பைக்குள் வைத்தார்.

"பிள்ளை சொல்லுறது சரி" என்றார் பயிற்சி தரும் அக்கா.

"என்ரை மகள்" என்றார் அம்மா, யாரும் கேட்காமலே. செருப்பை விட்டுவிட்டு முன்வரிசைக்குப் போனார்.

நேரம் முடிந்தும் அம்மா பயிற்சியை நிறுத்தவில்லை. மண்டபத்தைப் பூட்ட வந்த ஐயா திறப்போடு காத்து நின்றார்.

கடைசியில் அம்மா என் முன்னால் வந்து நீளமாக மூச்சு விட்டார். "இதிலை எவ்வளவு கொழுப்புப் போயிருக்கும்?"

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் கணக்குப் போடுவதற்குள் ஐயா லைற்றை அணைத்துவிட்டார்.