பி.பி. கால், டில்லி

"டில்லி குடு. பி.பி. கால். எனக்குத்தான்."

டியூட்டியில் இருக்கும் ஆபரேட்டர் தனக்கென்று கால் கேட்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் கேட்டேன். நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

1973, ஆகஸ்ட் 28, செவ்வாய்க்கிழமை. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். அண்ணன் வேம்புலி பட்டாளத்தில் இருந்தான். எழுபத்தொன்று டிசம்பர் சண்டையில் காணாமல் போனான். கைதிகளை விடுவது பற்றி இரண்டு நாட்டுத் தூதர்களும் டில்லியில் பத்து நாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுல்தான், பாதுஷா, வெள்ளைக்காரன், நம்மவர்கள் என்று யார் உட்கார்ந்தாலும் அந்த ஊருக்கு இதே பிழைப்பு: மனிதர்களைப் பட்டியலாக்குவது. அண்ணன் எந்தப் பட்டியலிலும் இல்லை. 'இறந்ததாகக் கொள்ளச் சம்மதம்' என்று டில்லியிலிருந்து ஒரு படிவம் மட்டும் வந்தது. அன்று காலை அம்மா அதில் கைநாட்டு வைத்துவிட்டாள். ஐந்தரை மணித் தபாலில் நான் சேர்க்க வேண்டும்.

பி.பி. என்றால் குறிப்பிட்ட ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த ஆளே வந்தால்தான் பேச்சு. படிவம் அனுப்பிய ஆபீஸ் நம்பரைக் கொடுத்தேன். ஆள் பெயர், வேம்புலி. 'இல்லை' என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

"இன்னாடி நாகு, மெய்யாலுமா?" லைனில், மெட்ராஸ் போர்டு ஆபரேட்டர் ஜரினா. "வேலை பூடும்."

"போனா போவுது. போடு."

3.12. கிளிக்.

டில்லியில் ஒருத்தி பேரைக் கூப்பிட்டாள். யாரோ அதை வாங்கித் திருப்பிக் கூப்பிட்டார்கள். தள்ளி இன்னொருவர். இன்னும் தள்ளி... பேர் போய்க்கொண்டே இருந்தது.

பூட்ஸ் சத்தம். நடுவில் ஒரு குதிரை கனைத்தது.

ஆபீசுக்குள் குதிரையா?

"நாகு..."

அண்ணன்.

"எங்கண்ணே கீற?"

"வரிசைல. பேரு கூப்ட்டாதான் உடுவாங்க. ஊட்ல கைநாட்டு வெச்ச காயிதம் இங்க வந்துட்டா அப்பால கூப்டவே மாட்டாங்க..."

"அண்ணே..."

"எனக்கு முன்னால கரையான்சாவடி ஆளு, சின்னப்பையன்னு பேரு, நிக்கிறான். அவன் ஊட்ல சொல்லு..."

3.15. கிளிக்.

நான்கு மணிக்கு டியூட்டி முடிந்தது. நேரே கரையான்சாவடிக்கு பஸ் ஏறினேன். பட்டாளத்துக்குப் போன சின்னப்பையன் வீடு எது என்று கடை கடையாய்க் கேட்டேன். கதவைத் திறந்தவர் பெயர் வரதன். தலை நரைத்தவர்.

"சின்னப்பையன் ஊடு..."

"எங்க நைனாதான். உனக்கு யாரும்மா சொன்னது?"

"அவரு எப்போ போனாரு?"

"தொள்ளாயிரத்துப் பதினேழுல, மொத உலக சண்டைக்கு, வெள்ளைக்காரன் பட்டாளத்துல பாஸ்ராவுக்குக் கப்பல் ஏறுனாரு. நான் கைக்கொழந்த. அப்பால டில்லிலேர்ந்து ஒரு காயிதம் வந்துச்சாம். எங்கம்மா கைநாட்டு வெச்சு அனுப்பிட்டாங்க. அவ்ளோதான்."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் சொம்பைத் தொடவில்லை. படிவம் இருந்த பையோடு தெருவில் இறங்கினேன். தபால்பெட்டி இடப்பக்கம் இருந்தது.

வலப்பக்கம் நடந்தேன்.