மணி அடிக்கும் முன் வந்த செசிலி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முந்திரிக் காட்டுக்குள் தனியாகப் போய் விறகு பொறுக்கினவள், எதற்கும் பயந்ததில்லை. அதனால்தான் இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால், வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் பெண்களுக்கு மட்டும் மூன்று நாள் தியானம் வைத்தார்கள். சோறு அவர்களே போடுவார்கள், வேலை எதுவும் செய்யக் கூடாது, மத்தியானம் கட்டாயம் படுத்துத் தூங்க வேண்டும். நாங்களோ முந்திரிக்கொட்டை உடைக்கிற பொம்பளைகள், பகலில் படுத்துப் பழக்கமே இல்லை, முதல் நாளே விளக்குமாற்றைத் தேடியெடுத்து மடத்து வாசலைக் கூட்டிவிட்டோம். "ஏம்மா, இங்க வந்தும் வேலையா? போய்ப் படுங்க" என்று சிஸ்டர் விளக்குமாற்றைப் பிடுங்கி வைத்தார். இன்னொரு கட்டளையும் உண்டு. காலைச் சாப்பாட்டிலிருந்து சாயங்கால மணி அடிக்கும் வரை மௌனம், ஒரு வார்த்தை பேசினாலும் தியானம் கெட்டுவிடும்.

நமக்கு யாரோடு மனத்தாங்கலோ அவர்களையும் கூட அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி ஒருத்திதான், என் கொழுந்தன் பெண்டாட்டி செசிலி. நான் காயப்போட்ட நெல்லை அவள் கோழி கிளறியதில் தொடங்கிய சண்டை, ஒரே வாசலில் புழங்கிக்கொண்டு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அதற்கு முன் தினமும் அவள்தான் எனக்குத் தலை வாரி நாலு கால் பின்னல் போட்டுவிடுவாள். சண்டைக்கப்புறம் நான் கொண்டையோடு சரி. தியானத்துக்கு வரச் சொல்லி கொழுந்தனிடம் சொல்லியனுப்பினேன். "ரெண்டாம் நாளு பஸ்ல வரேன்னு சொல்லுங்க" என்று பதில் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், தூக்கம் பிடிக்காமல் புரண்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி எழுந்து உட்கார்ந்தேன். பின்னால் யாரோ வந்து உட்கார்ந்து என் கொண்டையை அவிழ்த்தார்கள். சிக்கெடுக்க ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு வெந்த சொரசொரப்பு எங்கள் எல்லார் கையிலும் உண்டு, ஆனால் ஆள்காட்டி விரல் மடங்காமல் குச்சி மாதிரி நிற்பது செசிலிக்கு மட்டும்தான். சொன்னபடி பஸ்ஸில் வந்துவிட்டாள் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பேரைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, மௌனம் ஞாபகம் வர அடக்கிக்கொண்டேன். திரும்பினால் பேசிவிடுவேன் என்று திரும்பவும் இல்லை. மணி அடிக்கட்டும், அப்புறம் விடிய விடியப் பேசலாம் என்று இருந்துவிட்டேன். பாவி நான், அந்தக் கையையாவது பிடித்திருக்கலாம்.

பின்னி முடித்த பிறகும் கை கொஞ்ச நேரம் என் தோளிலேயே இருந்தது. அப்புறம் எடுத்துக்கொண்டாள்.

மணி அடித்ததும் திரும்பினேன், யாரும் இல்லை. அடுத்த பாயில் இருந்த புஷ்பம் என் தலையைப் பார்த்துவிட்டு, "யாருக்கா பின்னி வுட்டது? நீ தனியாத்தான ஒக்காந்திருந்த" என்றாள். மடம் முழுக்கத் தேடினேன். செசிலி என்று யாரும் வரவே இல்லை என்றார் சிஸ்டர்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொழுந்தன் சைக்கிளில் வந்தார். "அண்ணி, நேத்தே அவளுக்கு வாந்தி பேதி, ஜெயங்கொண்டத்துல ஆசுபத்திரியில சேத்தோம். மூணு மணிக்கெல்லாம் போயிட்டா" என்றார். அவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார், "மத்தியானம் நெனவில்லாமக் கெடந்தவ ஒரு தடவ கண்ணு முழிச்சா. அக்காவுக்குத் தல பின்னி வுட்டேன், அக்கா ஒரு வார்த்த பேசல, இன்னும் கோவம் தீரலன்னு சொன்னா. ஜன்னியில ஒளறுறான்னு நெனச்சேன்." அப்போதுதான் நிமிர்ந்து என் பின்னலைப் பார்த்தார்.

என் கோபம் என்றைக்கோ தீர்ந்துபோனது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டாள், அதுதான் என்னைத் தின்கிறது. இப்போதும் மத்தியானம் படுக்கும் முன், "செசிலி, எனக்குக் கோவமில்லடி, வா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். எழுந்திருக்கும்போது சில நாள் இறுக்கிப் போட்ட கொண்டை அவிழ்ந்து, சிக்கெடுத்து, முதுகில் விரிந்து கிடக்கும், தூங்குகிற நான் ஒரு வார்த்தை பேசுவேனா என்று பார்த்துக் காத்திருந்தது போல. பின்னல் மட்டும் போட்டிருக்காது.