ஊசியா, கத்தியா?

போன வருடம் ஆடி மாதம் அது. நான் காக்களூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். வயிற்று வலி என்று திருவள்ளூரில் ஸ்கேன் எடுக்கப் போனேன். வலி இரண்டு நாளில் தானாகப் போய்விட்டது. ஆனால் ஸ்கேனில், இடது கிட்னியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. அடுத்து எடுத்த பெரிய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, புற்றுநோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"கிட்னியவே மொத்தமா எடுத்துடச் சொல்லலாம். ஒண்ண வச்சிக்கினு எத்தினி பேரு நல்லா இல்ல?" என்றார்.

"எனக்கு சுகர் இருக்குதுய்யா. நாளைக்கு இன்னொண்ணும் மக்கர் பண்ணா இன்னா பண்றது? எதுவா இருந்தாலும் கேட்டுத் தெரிஞ்சிக்கினுதான் செய்வேன்."

பயம் இருந்தது உண்மைதான். ஆனாலும், என்ன செய்யப்போகிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று புரியாமல் ஆபரேஷன் மேஜையில் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சென்னையில் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர், முழுக் கிட்னியையும் எடுக்க வேண்டியதில்லை என்றார். கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைத் தைத்துவிடலாம். எடுத்ததைச் சோதித்து இன்னதென்று உறுதியும் செய்யலாம். ரத்தப்போக்கு ஆபத்து உண்டு, தேறிவர வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் சொன்னார். வெட்டாமல் வழி உண்டா என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஊசியைச் செலுத்தி, சூட்டால் கட்டியைக் கருக்கும் முறை இருக்கிறது என்று சொல்லி, அதைச் செய்யும் டாக்டரிடம் அவரே அனுப்பினார்.

அந்த டாக்டரின் அறைக்கு வெளியே எனக்குப் பக்கத்தில் பழவேற்காட்டு அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். கருவாட்டு வியாபாரக் குடும்பம். அவருக்கும் என்னைப்போலவே சின்னக் கட்டியாம். என் கணவர் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், புடவையை லேசாக விலக்கி ஊசி போன இடத்தைக் காட்டினார். கொசு கடித்த அளவுக்குக்கூடத் தழும்பு இல்லை.

"எனக்கு ஹார்ட்டு வீக்கு தங்கச்சி. பெரிய ஆபரேஷன் தாங்காதுன்னுட்டாங்கோ. ஊசி போட்டு மறுநாளே ஊட்டுக்கு அனுப்பிட்டாங்கோ."

"கட்டி போயிடுச்சாக்கா?"

"வெளிய எடுக்கல, உள்ளயே சுட்டுட்டாங்கோ. ஓரத்துல கொஞ்சம் மிச்சம் நின்னுபோச்சு, மறுபடியும் சுட்டாங்கோ. அதான் ஸ்கேனுக்கு வந்துக்கினே இருக்கேன். அப்பால நீ பேஜாராவக் கூடாதில்ல, அதான் மறைக்காம சொல்றேன்."

அதைக் கேட்ட பிறகும் என் மனசு ஊசிப் பக்கமே சாய்ந்தது. உள்ளே போனதும், எனக்கும் ஊசியே போட்டுவிடுங்கள் என்றேன். டாக்டர் ஸ்கேன் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

"உங்களுக்கு இது வேண்டாம்மா. கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கு. ஓடுற ரத்தம் சூட்டை இழுத்துக்கும், அந்த ஓரம் சரியா கருகாது. உங்க ஹார்ட் நல்லா இருக்கு. ஆபரேஷனே பண்ணிக்குங்க."

சட்டென்று புரிந்தது. எங்கள் மெஷின் அச்சுக்குள் ஓடும் தண்ணீரும் அப்படித்தான் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். புரிந்தாலும் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் கணவர் மறுபடி ஆரம்பித்தார். "அப்ப மொத்தமா எடுத்துடலாமே, இன்னாத்துக்கு ரிஸ்க்கு?"

"கட்டிய மட்டுந்தான். ஒடம்பு என்னுது, நான்தான் சொல்லணும்" என்றேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, என்னோடு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு நடந்தார்.

ஆபரேஷன் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. நடுவில் ரத்தம் அதிகமாகப் போய், கிட்னியைக் காப்பாற்றப் போராடினார்களாம். வெளியே என் கணவர் தவித்துக்கொண்டிருந்தபோது, பழவேற்காட்டு அக்கா வந்து கூடவே உட்கார்ந்திருக்கிறார். அன்று அவருக்கு ஆஸ்பத்திரியில் எந்த வேலையும் இல்லை; நான் சொல்லியிருந்த தேதியை நினைவில் வைத்து எங்களுக்காகவே வந்தாராம்.

கண் விழித்ததும் நான் கேட்டது, "கிட்னி இருக்குதா?"

"இருக்குதும்மா, இருக்குது" என்று சொல்லும்போதே கணவர் அழுதுவிட்டார்.

எடுத்த கட்டி புற்றுநோய்தான். ஓரத்தில் மிச்சமில்லாமல் எடுத்துவிட்டதாகச் சோதனையில் தெரிந்தது. நடக்கவே பல்லைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. இப்போது மறுபடி மெஷினில் நிற்கிறேன். அக்காவும் நலம். ஸ்கேனுக்கு இருவருக்கும் ஒரே தேதியாகக் கேட்டு வாங்கி, இருவரும் ஒன்றாகவே போய் வருகிறோம்.

தன்னைத் தேடி வந்தவளை 'உங்களுக்கு இது வேண்டாம்மா' என்று திருப்பி அனுப்பிய அந்த டாக்டரையும், தன் உடம்பைக் காட்டி உள்ளதை உள்ளபடி சொன்ன அக்காவையும் நினைக்கும்போதெல்லாம், துணிந்து கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம் எனக்கு வருகிறது.