வெல்லம் வேண்டாமென்ற கலியபெருமாள்

கலியபெருமாள் அண்ணன் இறந்துபோன சேதியை என் தம்பி முருகேசன்தான் போனில் சொன்னான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் குன்னம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவன் கிரஷரிலிருந்து பேசினான். "அண்ணன் போயிட்டாருக்கா" என்றான். கல் உடைபடும் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டதும் கத்திச் சொன்னான். எங்கள் கிரஷரில் ஒரு வழக்கம் இருந்தது. கூட வேலை பார்த்தவர் யார் இறந்தாலும், சேதி வந்ததும் மிஷினை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மறுபடி ஓட்டமாட்டார்கள். சண்டை போட்டு அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அண்ணன்தான். "மிஷினை நிறுத்தலையா?" என்று கேட்டேன். "லோடு நிக்குதாம்க்கா" என்றான். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். இருந்தாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் என்றால் எங்கள் பக்கம் ஜல்லியும், கல்லை அரைத்தெடுக்கிற எம்-சாண்ட் மணலும். மலையில் துளை போட்டு, வெடி வைத்துச் சரித்த கல்லைக் கொண்டுவந்து கிரஷரின் வாயில் கொட்டுவார்கள். அது உடைத்து, சலித்து, பல அளவாகத் துப்பும். கூடவே புகைபோல வெள்ளைத் தூசி எழும்பும். சுற்றியிருக்கும் புளியமரங்களின் பச்சையை மழை பெய்த மறுநாள் மட்டும்தான் பார்க்கலாம். அங்கே கிரஷர் வாய்க்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் அண்ணன். நான் எடைமேடையில் லாரிக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணாடி அறை, ஃபேன், நாற்காலி. சாப்பாட்டு நேரத்தில் தலையும் புருவமும் வெளுத்து வந்து, துண்டால் என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "தொட்டி மீனு சௌக்கியமா?" என்று கேட்பார். நான் முறைத்தால் அவருக்குச் சந்தோஷம்.

அவர் திருமழபாடிக்காரர். கொள்ளிடக்கரையில் வாழையும் நெல்லுமாகக் கிடக்கும் ஊரை விட்டுவிட்டு இந்தக் கல்லுக்குள் வந்து ஏன் விழுந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பெண் எடுத்த ஊர் இந்தப் பக்கம், மாமனார் இருக்கும் இடத்திலேயே வேலை பார்த்துக்கொடுத்தார், மறுத்துப் பேச அப்போது வாயில்லை என்றார். வாயில்லை என்று கலியபெருமாள் சொன்னதைக் கேட்டுச் செல்லம்மாள் அண்ணி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கா வாயில்லை? மேனேஜர் காரை விட்டு இறங்குவதற்குள் நாலு கேள்வி கேட்டுவிடுகிற மனிதர்.

அந்த வாயால் அவர் வாங்கிக்கொடுத்ததுதான் வெல்லம். கல் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம் தின்றால், உள்ளே போன தூசியையெல்லாம் அது வழித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். எங்களில் அதைச் சந்தேகப்பட்டவர் யாருமில்லை. பக்கத்துக் குவாரிகளில் கம்பெனியே கொடுக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று அண்ணன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கேட்டில் உட்கார்ந்தார். லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. அண்ணனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவர் செட்டிகுளம் மலைக்குப் போய் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கேட்டில் நின்று அவர் கையாலேயே வெல்லம் கொடுத்தார். பெண்களுக்குக் கொஞ்சம் பெரிய கட்டியாகப் பார்த்துக் கொடுப்பார்.

அந்தக் கோடையில்தான் தண்ணீர் நின்றது. கல் விழும் வாயில் தண்ணீர் தெளிக்க ஒரு குழாய் இருந்தது. அது ஓடினால் தூசி பாதி அடங்கும். போர்வெல்லில் தண்ணீர் இல்லை, மண் நனைந்தால் சலிக்க முடியவில்லை என்று ஏதேதோ சொல்லி நிறுத்தினார்கள். மழைக்காலம் வந்த பிறகும் அதைத் திறக்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருடைய வாயிலும் வெல்லம் இருந்தது.

அண்ணனுடைய கூட்டாளி ராமசாமி மலையில் துளை போடுகிறவர். ஒல்லியான ஆள், நன்றாகப் பாடுவார். முதலில் இருமல் வந்தது. பிறகு பாட்டு நின்றது. டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைகளை ஒழுங்காக முடித்தும் குணமாகவில்லை. ஊரில் அவர் தம்ளரைத் தனியாக வைத்தார்கள். அண்ணன் மட்டும் அவரோடு ஒரே இலையில் சாப்பிடாத குறையாகத் திரிந்தார். கடைசியில் அவரே திருச்சிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே டாக்டர் முதலில் கேட்டது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுதானாம். அதுவரைக்கும் யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை. இது டி.பி. இல்லை, சிலிக்கோசிஸ், கல்தூசி நுரையீரலில் போய்ப் படிந்து தழும்பாகிவிட்டது, இதைத் திருப்ப மருந்து கிடையாது என்றிருக்கிறார். அண்ணன் அவரிடம் வெல்லத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லையாம். தாளில் படம் வரைந்து காட்டினாராம்.

மறுநாள் எடைமேடைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை, மீன் என்று கூப்பிடவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நின்றார்.

"தங்கச்சி, வெல்லம் வவுத்துக்குப் போவுது. தூசி நெஞ்சுக்குப் போவுது. ரெண்டும் எங்கயும் சந்திக்கிறதே இல்லியாம்."

சொல்லிவிட்டு என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஃபேன் காற்றில்கூட எனக்கு வேர்த்தது. என் தம்பி முருகேசனை அந்தக் கிரஷரில் சேர்த்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அன்று சாயங்காலம் கேட்டில் அவர் வெல்லப் பெட்டியைத் திறக்கவில்லை. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். "நான் வாங்கிக் குடுத்தது வெல்லம் இல்லப்பா. நம்ம வாய அடைக்க அவங்களுக்கு வழி பண்ணிக் குடுத்துட்டேன். இது வேணாம்னு சொல்லுங்க. தண்ணிய திறந்துவிடச் சொல்லுங்க."

யாருக்கும் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. அடித்துப் பிடித்து வாங்கியதைத் திருப்பிக் கொடு என்றால் யார்தான் கேட்பார்கள்? கலியபெருமாளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, தான் தின்ன முடியாததை அடுத்தவனும் தின்னக்கூடாது என்கிறான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பியும் சிரித்தான். "நீங்களே வாங்கிக் குடுத்துட்டு நீங்களே புடுங்குறீங்களா?" என்று கேட்டவனும் அவன்தான். மறுநாளிலிருந்து வேறொருவர் வெல்லம் கொடுத்தார். அண்ணன் வரிசையில் கடைசியாக நின்று தன் கட்டியை வாங்குவார். நேராக ஆபீசுக்குப் போய் மேனேஜர் மேஜைமேல் வைப்பார். "தண்ணி, சார்" என்பார். வேறெதுவும் பேசமாட்டார். தினமும் இதே கதை. மேனேஜர் மேஜையில் எறும்பு ஏறி, ஃபைலையெல்லாம் உதறிக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எறும்புக்குப் பவுடர் போட்டார்களே தவிர, தண்ணீரைத் திறக்கவில்லை.

பிறகு ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அண்ணனைத் துளை போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். ராமசாமி செத்துப்போய்க் காலியாக இருந்த இடம் அது. காய்ந்த பாறையில் மிஷின் இறங்கும்போது வருகிற தூசிதான் எல்லாவற்றையும்விடக் கொடியது என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்துதான் மாற்றினார்கள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். வேலையை விட்டுவிடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். நான் போய்விட்டால் தண்ணீர் கேட்க ஆள் இருக்காது என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. அவருக்காக இல்லாவிட்டாலும் செல்லம்மாள் அண்ணிக்காகவாவது விட்டிருக்கலாம்.

விட்டார், ஆனால் காலம் கடந்து விட்டார். வேலையை விட்டால் நோயும் நின்றுவிடும் என்று நினைத்தோம். உள்ளே போய்ப் படிந்தது நாம் விட்டாலும் விடுவதில்லை. திருமழபாடிக்கே திரும்பிப் போனார்கள். போன தை மாதம் போய்ப் பார்த்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவராகிவிட்டார். வாசலிலிருந்து பார்த்தால் கொள்ளிடக்கரை தெரிகிறது. அங்கே வரைக்கும் அவரால் நடக்க முடியவில்லை. அவர் பேசியதில் முக்கால்வாசியை அண்ணிதான் எனக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. அண்ணி காபி போட உள்ளே போன நேரத்தில் என் கையைப் பிடித்தார். "முருகேசன... வெளிய கொண்டாந்துடு" என்றார். நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, "அவன் சொல்றத கேக்காத. அவன் மேடு ஏறுறத பாரு" என்றார்.

அப்போது எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை. நான் கேட்டதும் அண்ணி காபியை வைத்துவிட்டுச் சொன்னார். வேலை பார்த்த கடைசி வருஷங்களில் குவாரிக்குள்ளிருந்து மேலே வருகிற பாதையின் உச்சியில் போய் நின்றுகொண்டு, வேலை முடிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். யார் நிற்காமல் வருகிறார், யார் பீடி பற்றவைக்கிற சாக்கில் பாதியில் நிற்கிறார், யார் போன மாதத்தைவிடக் கீழேயே நிற்கிறார் என்று. வீட்டுக்கு வந்து அப்படி நின்றவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவாராம். நான் வந்து தம்பியிடம் பேசினேன். இப்போது அவன் ஆபரேட்டர், மிஷினே அவன் கையில். எனக்கு ஒன்றுமில்லை, கலியபெருமாள் அண்ணனுக்கு யாரைப் பார்த்தாலும் நோயாளியாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடக்கத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் வந்து நின்று அழுதார்கள். மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். தொழிலாளிக்கு வெல்லம் வாங்கிக்கொடுத்த மனிதர், கம்பெனி என்றைக்கும் மறக்காது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். செல்லம்மாள் அண்ணி தலையை நிமிர்த்தினார். "வேணாம்னு சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க சார்" என்றார். மேனேஜர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

உடலைக் கொள்ளிடத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். என்னால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை, கரைமேல் போய் நின்றேன். எல்லாம் முடிந்து, ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு ஆண்கள் மணலைக் கடந்து கரை ஏறி வந்தார்கள். வயசானவர்கள் மெதுவாக ஏறினார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி ஏறினார்கள். என் தம்பிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பாதி மேட்டில் நின்றான். வேட்டியைப் பிழிகிறவன்போலக் குனிந்தான். ஆற்றிலேயே பிழிந்து கட்டிய வேட்டி, அதில் பிழிய ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏறினான், மறுபடி நின்றான். நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான்.

வருகிற திங்கட்கிழமை அவனைத் திருச்சிக்கு அழைத்துப்போகிறேன். வரமாட்டேன் என்கிறான். சட்டையைப் பிடித்து இழுத்தாவது போவேன். அங்கே என்ன சொல்வார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலியபெருமாள் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வைதான். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. இப்போது பஸ் ஏறுகிறவரை, கோயில் படி ஏறுகிறவரை, எங்கள் தெருவில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வருகிறவரை, எல்லோரையும் நின்று பார்க்கிறேன். அவரை அறிந்த உங்களுக்கும் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். இன்று வேலை முடிந்து உங்கள் வீட்டு ஆள் திரும்பும்போது வாசலில் நில்லுங்கள். நல்லாயிருக்கிறேன் என்பார். அதைக் கேட்காதீர்கள், மேடு ஏறுவதைப் பாருங்கள்.