காலித் தளத்தில் முதல் கால்

முதல் பாட்டின் முதல் வரி முடிவதற்குள் நோரீன் எழுந்துவிடுவார். பன்றி இறைச்சியும் சீஸும் வைத்துச் சுருட்டிய ஓட்கேக்கை, அந்த ஓட்ஸ் மாவுத் தோசையை, பாதியில் அப்படியே மேசையில் விட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்து, கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆடுதளத்தின் நடுவுக்குப் போவார். அங்கே ஈ காக்கை இருக்காது. கால் வழுக்கிச் சுழல, மரத்தரையில் கொஞ்சம் பவுடர் விழும். தோல் அடி வைத்த காலணி அதை ஒருமுறை தேய்த்துப் பார்க்கும். பிறகு ஆட ஆரம்பிப்பார்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான பர்ஸ்லத்தின் தொழிலாளர் கிளப்பில் மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் எங்கள் சோல் இசைக் கூட்டம் நடக்கும். இளமையில் விடிய விடிய ஆடியவர்கள்தான் எல்லோரும். இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அறுபதுகளில் அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர்கள் பாடி, அங்கே யாரும் சீந்தாமல் போன பாட்டுகளை எங்கள் ஊர்க்காரர்கள்தான் ஆடி ஆடி உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் இசைத்தட்டு போடும் வேலை என்னுடையது.

என் தட்டுகள் எல்லாம் அசல். அந்தக் காலத்திலேயே அச்சானவை. அதிலும் யாரும் கேட்டிராதவையாகப் பார்த்துத் தேடிப் பிடிப்பேன். நான் முள்ளை வைத்ததும் தளத்தில் இருப்பவர்கள் பாதிப்பேர் பாருக்குப் போவார்கள், மீதிப்பேர் கழிவறைக்குப் போவார்கள். "டெஸ்மண்ட் வந்தாத்தான்யா எனக்கு வியாபாரம்" என்று பார்க்காரன் கும்பிடு போடாத குறை. என்னைத் தேடி வருபவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆடுவதற்கு வருவதில்லை. சுற்றுகிற தட்டின் மேல் மூக்கை நீட்டி, நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்க வருவார்கள். அவர்களில் ரெஜி மூத்தவர். "அசல்தான்" என்று மற்றவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நிற்பார்.

அப்போதும் தளத்தில் ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார். அது நோரீன்.

அவர் வீட்டில் ஒரு தட்டுகூட அசல் கிடையாது. பதினாறு வயதில் சந்தைக் கடையில் வாங்கிய கள்ளப் பதிப்புகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. அசல் கிடைக்காத நாளில், எவனோ ஒருவன் இன்னொருவரின் தட்டிலிருந்து பிரதியெடுத்து அச்சடித்து விற்றவை. இதைப் பற்றி எங்கள் கிளப்பில் சண்டை வராத ஞாயிறு இல்லை. எனக்கு அடுத்தபடி தட்டு போடும் கெய்த் கள்ளப் பதிப்பின் கட்சி. எல்லோருக்கும் தெரிந்த வேகமான பாட்டுகள், எந்தப் பதிப்பானாலும் சரி, தளம் நிறைந்தால் போதும் என்பான்.

"காது கேக்குறது பாட்டையா, ஒட்டியிருக்குற காகிதத்தையா? சொல்லுய்யா" என்று ஒருநாள் மல்லுக்கு நின்றான்.

"நீ இன்னைக்குப் போட்ட தட்டுல ரெண்டாவது அடியில ஒரு கீறல் சத்தம் வருதே, அது உன் தட்டுல விழுந்த கீறல் இல்ல கெய்த். எவன் தட்டுலயோ விழுந்தது. அதையும் சேத்து அச்சடிச்சு உன் தலையில கட்டிட்டான். பாடின பொண்ணுக்கு அதுல ஒரு பென்னி போயிருக்குமா?"

"நீ இப்ப வாங்குற அசல்ல மட்டும் போகுதாக்கும்? விக்கிறவன் பைக்குப் போகுது."

நான் குரலை உயர்த்தினேன். ஓட்கேக் தின்றுகொண்டிருந்த நோரீன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் கீறல்? என் தட்டுலயும் 'டப்'புன்னு வருமே, அதுவா? அந்த இடத்துலதானே கண்ணு நான் திரும்புவேன்."

மேசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அதே பாட்டின் அசலை, கீறலே இல்லாத சுத்தமான தட்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். நோரீன் ஆடினார். அந்த இடம் வந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கச்சிதமாக அந்த இடத்தில் திரும்பினார். ஐம்பது வருடமாக அவர் காலுக்குள் அந்தக் கீறல் கிடக்கிறது. அன்றிலிருந்து கள்ளப் பதிப்பைப் பற்றி அவர் முன்னால் நான் வாயைத் திறப்பதில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "நோரீன், உண்மையச் சொல்லு. நான் போடுற பாட்டெல்லாம் உனக்குப் பிடிக்குதா?"

"பாதி பிடிக்காது."

"பின்ன எதுக்கு எந்திரிச்சு ஆடுற?"

"பிடிச்சதுக்கு மட்டும் ஆடணும்னா வீட்டுலயே ஆடிக்குவேனே. பஸ் பிடிச்சு எதுக்கு வர்றேன்?"

அவரை வேலையிடத்தில் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. முன்பு பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குப் பூப்படம் ஒட்டினார். ஆலை மூடியதும், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை தாண்டவிடும் வேலைக்கு வந்தார். கையில் வட்டப் பலகை மாட்டிய நீளக் கோல், மேலே மஞ்சள் அங்கி. மற்றவர்கள் வண்டி நின்ற பிறகு சாலையில் இறங்குவார்கள். இவர் இறங்கிய பிறகுதான் வண்டி நிற்கும். நடுச்சாலையில் கோலை ஊன்றி, மறுகையைப் பக்கவாட்டில் நீட்டி விரித்து, ஓட்டுநர் முகத்தைப் பார்க்காமல் நேராக நிற்பார். கடைசிப் பிள்ளை எதிர் நடைபாதையில் ஏறும்வரை அந்தக் கை இறங்காது. "லாரிக்காரன் நிக்காம போயிட்டா?" என்று கேட்டால், "எங்க போவான்? நான்தான் நிக்கிறேன்ல" என்பார்.

நானும் வேலைக்குப் போன காலத்தில் அந்தச் சாலையில் தபால் வண்டி ஓட்டியவன்தான். நின்றிருக்கிறேன்.

இந்த வசந்தத்தில் அவருக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அவர் வராத இரண்டு ஞாயிறுகளும் என் அரை மணி நேரத்தில் தளம் வெறிச்சோடிக் கிடந்தது. மெருகிட்ட மரத்தரையில் விளக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கிளப் செயலர் ட்ரெவர் நல்ல மனிதர், சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"இன்னும் ஒரு மாசம் பாப்போம்பா. அன்னைக்கும் யாரும் ஆடலேன்னா உன் நேரத்தையும் கெய்த்துக்கே குடுத்துரலாம்னு கமிட்டியில பேசிக்கிறாங்க. மனசுல வச்சுக்காத."

மனதில் வைக்காமல் எங்கே வைப்பது? மாதம் முழுக்க நான் தேடுவதும், கழுவுவதும், கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்துவதும் அந்த அரை மணிக்காகத்தான். அது போனால் ஒரு அலமாரி நிறைய இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவன் நான், அவ்வளவுதான். இத்தனை வருடம் அதைக் காப்பாற்றித் தந்தவர் நோரீன் என்பது அவர் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் எனக்கு உறைத்தது. நன்றி என்று போனில் சொன்னேன். "மருந்து ஏதாச்சும் மாத்தித் தின்னுட்டியா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

கடந்த ஞாயிறு வந்தார். கைத்தடியோடு, மகள் ஜேனட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு. காலில் தோலடிக் காலணி இல்லை, மருத்துவமனையில் சொன்ன தடித்த ரப்பர் காலணி. பவுடர் டப்பாவும் கொண்டுவரவில்லை. நான் அவரைப் பார்த்துக் கையாட்டினேன்.

அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு பெண் பாடிய பாட்டை முதலில் போட்டேன். ஊராரிடம் பணம் புரட்டிப் பாடி அச்சடித்திருக்கிறாள், விற்கவே இல்லை. உலகத்தில் இதற்கு யாராவது ஒருவர் ஆடியிருப்பாரா என்பதே சந்தேகம். ரெஜி வந்து மூக்கை நீட்டினார். "அசல்! அடேயப்பா" என்றார், சுவரோரம் போனார். தளம் காலியாகியது. கெய்த் தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ட்ரெவர் என்னைப் பார்க்காமல் எங்கோ பார்த்தார். அந்தப் பெண்ணின் குரல் தனியாக மண்டபத்தைச் சுற்றி வந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா! உக்காரு. டாக்டர் என்ன சொன்னாரு?" ஜேனட்டின் குரல்.

"ஆடக்கூடாதுன்னாரு. நடக்கணும்னாரு. நடக்கத்தான் போறேன், விடுடி."

மேசைகளுக்கு நடுவே தடியைத் தட்டித் தட்டி நோரீன் தளத்துக்கு வந்தார். நடுவில், எப்போதும் பவுடர் தூவும் இடத்தில் நின்றார். ஆடவில்லை. தடியை நேராக ஊன்றினார். மறுகையைப் பக்கவாட்டில், பார் இருக்கும் திசையை மறித்து நீட்டி விரித்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதலில் எழுந்து ஆடத் தளத்துக்கு வந்தது கெய்த். அவன் பின்னால் ஜேனட், அப்புறம் வாசல் பக்க மேசைக்காரர்கள், பீர்க் கோப்பையை வைத்துவிட்டு ட்ரெவர். கட்டிய கையைப் பிரித்து, வெட்கத்தோடு, சுவரோரமிருந்து ரெஜி. அவர் மரத்தரையில் கால் வைக்கும்வரை நோரீன் அந்தக் கையை இறக்கவில்லை.