கம்பெனி பஸ்ஸில் கைமாறிய புத்தகம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். வீடு கல்மண்டபத்தில். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும். போகும்போது எல்லாரும் தூக்கம். மத்தியானம் திரும்பும்போதுதான் பேச்சு. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசைகட்டிவிட்டால் பஸ் நகரவே நகராது. எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த வியர்வையுமாக உட்கார்ந்துகொண்டு, ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கிக்கொண்டு வருவோம்.

அந்தச் சமயத்தில்தான் நடைபாதைக் கடை ஒன்றில் அந்தப் பழைய புத்தகத்தைப் பார்த்தேன். ஒருவர் சிறுவயதில் நெருங்கிய உறவினர் ஒருவரிடம் பட்ட கொடுமைகளையும், அதிலிருந்து எப்படிப் பிழைத்து வந்தார் என்பதையும் தானே எழுதியிருந்தார். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தேன். வைத்துவிட்டு நடந்தேன். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து வாங்கினேன். வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டேன். பஸ்ஸில் மட்டும்தான் படிப்பேன். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கத்துக்கு மேல் என்னால் முடியாது. மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் பஸ்ஸில் ஒரு நண்பர் இருந்தார். பாய்லர் பிரிவு. திருவொற்றியூர்க்காரர். அவர் இல்லாவிட்டால் பஸ்ஸே செத்துக் கிடக்கும். மேலதிகாரிகள் மாதிரி பேசிக் காட்டுவார், சினிமா வில்லன் குரலில் நோட்டீஸ் போர்டைப் படிப்பார். அவருக்கு ஒரே பெண், எட்டு வயது. நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தின வாரம்கூட அவளைப் பற்றி ஒரு கதை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தார். டியூஷன் போகப் பிடிக்காமல் புத்தகப் பையை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டாளாம். "கில்லாடி மாமு அது! வயித்த வலின்னு ஒரு நாளு, பை காணும்னு ஒரு நாளு. நம்மளாண்டயே டபாய்க்குது. ரெண்டு சாத்து சாத்தி இட்டுனு போயி வுட்டேன்" என்றார். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"இன்னா மாமு, அட்டையெல்லாம் போட்டு வெச்சிகினு கீற? அந்த மாரி பொஸ்தகமா?"

நான் பதில் சொல்வதற்குள் பிடுங்கிக்கொண்டார். எழுந்து நடுவழியில் நின்று, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து தன் வில்லன் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். உறவினர் வீட்டுக்குப் போகச் சொல்லித் தாய் துரத்துகிறாள். போகக்கூடாது என்பதற்காகப் பையன் தன் செருப்பைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்கிறான். தாய்க்குக் கோபம். இரண்டு அடி வைத்து, வெறுங்காலோடு அனுப்பிவைக்கிறாள். அவன் போகிறான்.

செருப்பு வரைக்கும் பஸ் சிரித்தது. பிறகு முன்சீட்டிலிருந்து சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. அவருடைய வில்லன் குரலும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. தன் சொந்தக் குரலில், எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி இன்னும் நாலு வரி படித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"படி நைனா, ஏன் நிறுத்திட்ட?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இவர் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பஸ் பேசியது. முன்சீட்டில் எப்போதும் உட்காரும் ஸ்டோர் கீப்பர், ரிட்டயர் ஆகப்போகிறவர், திரும்பிப் பார்த்து, "இதெல்லாம் பொஸ்தகமா போடுற விஷயமா? வூட்டு அசிங்கத்த ரோட்டுல கொண்டாந்து கொட்றான்" என்றார். ஆம்பளைப் பையன்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்றார் ஒருவர். காண்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், "இவ்ளோ வருசம் கயிச்சி இன்னாத்துக்கு சொல்றான்? அப்பவே சொல்லிக்கலாமில்ல?" என்று கேட்டார்.

எல்லாவற்றிலும் அதுதான் என்னைக் குத்தியது. எட்டு வயதில் அதற்கு என்னிடம் என்ன வார்த்தை இருந்தது? இன்னொருவர் பட்டதை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ என் சட்டையைக் கழற்றி நடுவழியில் நிறுத்தின மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாகக் கடற்கரையில் கொட்டியிருந்த பாறைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நண்பர் திருவொற்றியூரில் இறங்கிப் போனார். புத்தகமும் அவரோடு போய்விட்டது.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்கவே வரவில்லை. ஆனால் புத்தகத்தைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. அது என்னுடையது என்று தெரிந்துபோனதாலோ என்னவோ, ஒவ்வொருவராக என் பக்கத்துச் சீட்டுக்கு வந்தார்கள். வியாசர்பாடிக்காரர் ஒருவர், தன் சிறுவயதில் தெருவில் இருந்த ஓர் ஆளைப் பற்றிச் சொன்னார். பையன்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போவார்களாம். "பெரியவங்க ஒருத்தர்கூட ஏன்டா சுத்தி போறீங்கன்னு கேக்கல பாரு" என்றார். இன்னொருவர் வந்து உட்கார்ந்தார், அந்தப் புத்தகம் கடையில் கிடைக்குமா என்று கேட்டார், எழுந்து போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எட்டு மணி நேர வேலை தராத அசதியை இந்தப் பேச்சுகள் தந்தன. வீட்டுக்குப் போனதும் சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவேன். உடம்பு சரியில்லையா என்று மனைவி கேட்பாள். ஷிப்ட் அப்படி என்பேன்.

அடுத்த வாரம் நண்பர் வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பும்போது எர்ணாவூர் தாண்டியதும் லாரிகள் அடைத்துக்கொண்டன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். "எறங்கி வா மாமு" என்று நண்பர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கடலோரப் பாறைமேல் போய் உட்கார்ந்தோம். வெயில் அப்படி அடித்தது.

"அன்னிக்கி நேரா வூட்டுக்கு போவல" என்று ஆரம்பித்தார். "கோயில் கொளத்தாண்ட குந்திகினு முயுசா படிச்சேன். அப்புறம் போயி பொண்டாட்டியாண்ட சொன்னேன். நான் கேட்டா பயந்துக்கும், நீ பக்கத்துல படுக்க வெச்சி கேளுன்னு."

காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கடலில் போட்டார்.

"சொல்லிச்சி மாமு. அந்த டியூஷன் வாத்தியாரு."

அவர்கள் தெருவுக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரு பெரியவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் 'சார்'. குறைந்த கட்டணத்தில் பாடம் சொல்லித் தருகிறார் என்று தெருவே கையெடுத்துக் கும்பிட்ட மனிதர்.

"அது ஓடி ஓடி ஒளிஞ்சிது மாமு. நான்தான் புட்சி இட்டுனு போயி வுட்டேன். அயுதுகினே வரும். வாசல்ல நின்னு அந்தாளுக்கு வணக்கம் வேற சொன்னேன்."

அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதியையும் சொன்னார். அந்த ஆளின் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கிறார். தெருக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். பெண் குழந்தை, பேர் கெட்டுவிடும், விட்டுவிடு என்றார்கள். போலீஸுக்குப் போனால் குழந்தை எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். அவர் மனைவி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, முடியவே முடியாது என்றுவிட்டார். அதன் பிறகு நண்பர் ஒரு காரியம் செய்தார். அந்த டியூஷனுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், தன் பெண்ணுக்கு நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னார். சிலர் கதவைச் சாத்தினார்கள். சார் அப்படிப்பட்டவர் இல்லை என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒன்றிரண்டு தாய்மார் மட்டும் பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் டியூஷனில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அந்த ஆள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்.

"எங்க போனான்னு தெரியல. அதான் பேஜாரா கீது. அங்கியும் கொயந்தைங்க கீதுங்கல்ல?"

 புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். கொடுத்தவர் சட்டென்று கேட்டார்:

"ஆமா, நீ இன்னாத்துக்கு இத வாங்குன?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். வேறு வந்தது.

"எங்க வூட்டு மாடில சொந்தக்காரர் ஒருத்தரு தங்கிகினு இருந்தாரு. அப்போ நான் மூணாங்கிளாஸ் படிக்கச்சொல்ல."

என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இன்னும் கொஞ்சம் சொல்ல முடிந்தது. "அவரு செத்தப்போ மூலக்கொத்தளம் சுடுகாடு வரிக்கும் நடந்து போயி மண்ணு போட்டேன். எல்லாரும் அயுதாங்க. எனக்கு எப்படா வூட்டுக்கு போவோம்னு இருந்துச்சி." அவ்வளவுதான். முப்பது வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் கேட்டார். "அன்னிக்கி உன் எதுரவே கிண்டலா படிச்சனே. ஏன் புடுங்கல?"

"புடுங்குனா தெரிஞ்சிடும்ல."

தலையாட்டினார். தோளில் கைபோடவோ ஆறுதல் சொல்லவோ இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், எழுந்து போனோம். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் வழிப்பக்கம் உட்கார்ந்து, யாரும் உள்ளே வராதபடி காலை நீட்டிக்கொண்டார். "இன்னாப்பா, ரெண்டு பேரும் தனியா மாநாடு?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. "தூங்குறான். வுடு" என்றார் இவர்.

நான் அப்போது தூங்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு தூங்கிவிட்டேன். பஸ்ஸில், பட்டப்பகலில், இன்னொருவர் தோளில் சாய்ந்து அதற்கு முன் நான் தூங்கியதே இல்லை. யாரோ உலுக்க, கண் விழித்தேன். கல்மண்டபம். என் ஸ்டாப். எழுப்பியவர் அவர்தான். அவருடைய திருவொற்றியூர் எப்போதோ போய்விட்டிருந்தது. நான் முழித்துக்கொள்வேனே என்று இறங்காமலே வந்திருக்கிறார். "பொண்ணு தேடும், வர்ட்டா" என்று எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்பிப் போக டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

அந்தப் புத்தகம் அதற்குப் பிறகும் பஸ்ஸில் சுற்றியது. அசிங்கம் என்று சொன்ன ஸ்டோர் கீப்பரும் ஒரு நாள் கேட்டு வாங்கிப் போனார். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "கண்ணு சரியா தெரியல, மெதுவாதான் படிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.  நண்பரின் பெண் இப்போது வளர்ந்துவிட்டாள், வேலைக்குப் போகிறாள். அந்த ஆள் எங்கே போனார் என்று இன்று வரை தெரியாது. அதை நினைத்தால் நண்பருக்கு இன்னும் பேச்சு நின்றுவிடும்.

வாய்விட்டுச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இறங்கிவிடவில்லை. சில நாட்களில் அந்தப் பழைய களைப்பு காரணமே இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போதெல்லாம், தன் வீட்டில் அவ்வளவு துக்கத்தை வைத்துக்கொண்டு, என் தூக்கம் கலையக்கூடாது என்று தன் ஸ்டாப்பைத் தாண்டி வந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டுதான் மறுநாள் வேலைக்குக் கிளம்புகிறேன்.